உடுக்கையும் ஃபைபர் போட்டும்

கைக்கு எட்டுகிற தூரத்தில் ரப்பர் பேண்ட் ஒன்று இருந்தால் எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளும். கூடவே மெலியும். ஜவ்வு மிட்டாய், சப்பாத்தி மாவு, சைக்கிள் டியூப் எல்லாம் இதே ஜாதிதான். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் இளைக்கும். மாதச் சம்பளக்காரரின் பட்ஜெட்டுக்கும் இதே விதிதான் என்பதால் நமக்கு இதில் ஆச்சரியமே வருவதில்லை.

இழுத்தால் பருக்கிற பொருளும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? உண்டு. ‘ஆக்ஸெட்டிக்’ என்று பெயர். அந்தப் பெயரை நான் சமீபத்தில் பார்த்தது புதுக்கோட்டை மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், சுவரில் ஒட்டிய போஸ்டரில். இந்த வாரக் கோபமும் அங்கேதான் ஆரம்பித்தது.

கல்லூரியின் பெயர் வேண்டாம். அதைப் போல மாவட்டத்துக்கு நாலைந்து இருக்கின்றன. மாணவர் கண்காட்சிக்கு என்னை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். பொன்னாடை, பிஸ்கட், டீ எல்லாம் முடிந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். தானே தண்ணீர் ஊற்றும் தொட்டி, தூங்கினால் கத்தும் கார்... நடுவில் ஒல்லியாக ஒரு பையன். அவனுக்குப் பின்னால் ‘இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கில் ஆக்ஸெட்டிக் அமைப்புகள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. வண்ண வண்ணமாகக் கம்ப்யூட்டர் படங்கள். பையன் கடகடவென்று ஒப்பித்தான். தப்பில்லாமல் ஒப்பித்தான்.

“பீஸ் எங்கேப்பா?” என்றேன்.

“பீஸ் செய்யல சார். சிமுலேஷன் மட்டும்தான்.”

“ஃபைபரை எப்படி அடுக்கறாங்கன்னு நேர்ல பார்த்திருக்கியா?”

பக்கத்தில் நின்ற ஆசிரியரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். “எங்க சித்தப்பா கோட்டைப்பட்டினத்துப் பக்கம் ஃபைபர் போட் வேலைதான் சார் பார்க்கிறாரு.”

“அடடே! அவரைக் கேட்டு ஒரு பீஸ் செஞ்சிருக்கலாமே?”

“அது கூலி வேலை சார். இது ரிசர்ச்.”

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது திமிர் இல்லை, வெட்கம். அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

*

கேள்விக்குப் போவதற்குள் இந்த ஆக்ஸெட்டிக் சமாசாரம் என்ன என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், கணக்கு கிடையாது.

ஒரு பொருளை நீளவாக்கில் இழுக்கும்போது குறுக்குவாக்கில் எவ்வளவு மெலிகிறது என்பதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பாய்ஸான் விகிதம் என்று பெயர். 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதையின் பெயர் அது. ரப்பருக்குக் கிட்டத்தட்ட 0.5. இரும்புக்கு 0.3 வாக்கில். பாட்டில் மூடும் தக்கைக்கு ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் தக்கையை அழுத்தினாலும் பக்கவாட்டில் பிதுங்காமல் சமர்த்தாகப் பாட்டில் வாய்க்குள் போகிறது. இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால், இழுக்க இழுக்கப் பருக்கும். அமுக்க அமுக்க ஒடுங்கும்.

1987-ல் அமெரிக்காவில் ராடரிக் லேக்ஸ் என்பவர் சாதாரண ஸ்பாஞ்சை எடுத்து, மூன்று பக்கமும் அமுக்கி அச்சுக்குள் திணித்து, சூடாக்கி, ஆறவைத்து எடுத்தார். உள்ளே இருந்த குட்டிக் குட்டி அறைகளின் சுவர்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. இழுத்துப் பார்த்தார். பருத்தது! ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. 1991-ல் இங்கிலாந்தின் கென் எவன்ஸ், ‘பெருகுவது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆக்ஸெட்டிக்’ என்று பெயர் வைத்தார்.

இதில் மந்திரமும் இல்லை, புது ரசாயனமும் இல்லை. தேன்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறுகோண அறைகள். மேலும் கீழும் இழுத்தால் அறை ஒட்டிப்போகும். இப்போது அந்த அறையின் இடுப்பை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிவிடுங்கள். என்ன வடிவம்? கோடாங்கி கையில் இருக்கும் உடுக்கை. மேலும் கீழும் அகலம், நடுவில் குறுகல். இப்படிப்பட்ட உடுக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்து, மேலும் கீழுமாக இழுத்தால், ஒடுங்கிய இடுப்பு வெளியே வரும், பக்கத்து உடுக்கையைத் தள்ளும், மொத்தமும் அகலும். அவ்வளவுதான். பொருள் அதேதான், வடிவம் மட்டும் வேறு. குணத்தை ரசாயனத்தில் தேடாமல் வடிவத்தில் வைப்பதால் இதற்கு ‘மெட்டாமெட்டீரியல்’ என்று பெரிய பெயர்.

பிரயோஜனம்? ஓர் இடத்தில் ஓங்கி அடித்தால், சாதாரணப் பொருள் அடிபட்ட இடத்தைவிட்டு விலகி ஓடும். ஆக்ஸெட்டிக் பொருள் அடிபட்ட இடத்தை நோக்கி ஓடிவரும், அங்கே கெட்டிப்படும். நம்மில் அடிபட்டவனைப் பார்த்து ஒதுங்குபவர்களும் ஓடிவருபவர்களும் இருப்பதுபோல. ஷூ கம்பெனிகள் 2016 வாக்கில் இந்த வடிவத்தை அடிப்பாகத்தில் வைத்து விற்றுக் காசு பார்த்தன. வெடிகுண்டுச் சிதறலைத் தடுக்கும் திரை, ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் என்று ஆராய்ச்சி நடக்கிறது.

நம்ம பையனின் விஷயம் இழை கலந்த பிளாஸ்டிக். அதற்கு உடுக்கைகூட வேண்டாம். கார்பன் இழை இருக்கிறதே, அது நெட்டுவாக்கில் மகா முரடு, குறுக்குவாக்கில் வெறும் பிசின் பலம்தான். அந்த இழை அடுக்குகளைக் குறிப்பிட்ட கோணங்களில் மாற்றி மாற்றி ஒட்டினால், ஒரு அடுக்கு இன்னொன்றை மறித்து மறித்து, கடைசியில் தகடு நீளும்போது கனமும் கூடுகிறது. இங்கிலாந்தின் போல்ட்டன் பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்த தகடுகளை அடித்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். அடி தாங்கும் சக்தி கூடியிருந்தது, சேதம் அடிபட்ட இடத்தோடு நின்றது. கண்ணாடி இழையில் இது அவ்வளவு சுலபமாக வராது. அதன் நெட்டுப் பலத்துக்கும் குறுக்குப் பலத்துக்கும் கார்பன் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. அதற்கு உடுக்கை அறைகள்தான் வழி.

ஆக, விஷயத்தின் சாரம் ஒரே வரி. பலம் இழையில் பாதி, அதை அடுக்குகிற கையில் பாதி.

இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு என்னோடு கடற்கரைக்கு வாருங்கள்.

*

புதுக்கோட்டை என்றால் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஜல்லிக்கட்டு என்று நினைப்பவர்களுக்கு அந்த மாவட்டத்தில் கடல் இருப்பதே தெரியாது. அறந்தாங்கி தாண்டிப் போனால் இருக்கிறது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம் பாக் நீரிணைக் கரை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இலங்கை குறுக்கே நின்றதால் நாகப்பட்டினம் பட்ட பாடு இந்தக் கரை படவில்லை. ஆனால், சுனாமிக்குப் பிறகு வந்த இன்னொரு அலையில் தமிழ்நாட்டுக் கரை முழுக்க நனைந்தது. ஃபைபர் போட் அலை. நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பகுதி ஃபைபர். இரவோடு இரவாகப் பட்டறைகள் முளைத்தன. நேற்று வரை வேறு வேலை பார்த்தவர்கள் இன்றைக்குப் பிரஷ்ஷைப் பிடித்தார்கள். படகின் தரம் பற்றிக் கவலை வந்து, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கண்ணாடியிழைப் படகு கட்டுவது எப்படி என்று 2009-ல் ஒரு கையேடே போட்டது. அந்தக் கையேடு எத்தனை பட்டறைக்குள் நுழைந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பையனையே கூட்டிக்கொண்டு சித்தப்பாவின் பட்டறைக்குப் போனேன். நாலு தூண், மேலே தகரம், நடுவில் படகு மோல்டு. உள்ளே நுழைந்ததும் பெயின்ட் கடையும் நகப்பூச்சும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி கண்ணில் அறைந்தது. அதுதான் ஸ்டைரீன். ரெசினிலிருந்து ஆவியாகி வருவது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் இதை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ பட்டியலுக்கு மாற்றியது. சித்தப்பாவுக்கு முகமூடி கிடையாது. கையுறை கிடையாது. கண்ணாடித் தூள் அரிக்காமல் இருக்கக் கையில் தேங்காய் எண்ணெய்.

“அண்ணே, இந்தப் பாய் எதுக்கு, அந்த நெசவு எதுக்கு?” என்று கேட்டேன்.

“இது மேட் சார். நார் எல்லாப் பக்கமும் கெடக்கும், திசை கெடையாது. அது ரோவிங். துணி மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். முன்பக்கம் அலை அறையுற எடத்துல ரோவிங் ஒரு சுத்து கூடுதலாப் போடுவேன். அடியில மண்ணுல இழுபடுற எடத்துல இன்னொரு சுத்து.”

“யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரு சொல்றது? ஒடஞ்சு வர்ற போட்டைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். எங்க ஒடையுதுன்னு பார்த்தா எங்க போடணும்னு தெரிஞ்சிடும்.”

பொறியியல் கல்லூரியில் ‘ஃபெயிலியர் அனாலிசிஸ்’ என்று இதை ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துகிறார்கள்.

மணலில் குச்சியால் உடுக்கைகளை வரைந்து காட்டினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார். “வலைக்கண்ணு இழுத்தா மூடிக்கும் சார். அதான் மடியில பொடிமீனும் தப்பாது. நீங்க சொல்றது இழுத்தா தொறந்துக்கும். அதானே?”

அதேதான்! டைமண்ட் வலைக்கண் பாரம் ஏறினால் ஒடுங்கிவிடும், மீன்குஞ்சு தப்ப வழியில்லை. சதுரக் கண்ணை வையுங்கள், அது திறந்தே இருக்கும் என்று கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாய்ஸான் விகிதம் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. விகிதம் தெரியும். பையன் முதல் தடவையாகச் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

*

இப்போது என் சண்டையைப் போட்டுவிடுகிறேன்.

ஒரே குடும்பம். ஒருவன் கையில் கோணம் இருக்கிறது, பிரஷ் இல்லை. இன்னொருவர் கையில் பிரஷ் இருக்கிறது, கோணம் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் ஒரே பண்டிகைக்குச் சாப்பிடுகிறார்கள், இதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. இந்தச் சுவரைக் கட்டியது கடவுள் இல்லை. நாம்தான். கையால் செய்பவன் கீழே, வாயால் சொல்பவன் மேலே என்று ஆயிரம் வருஷமாகப் பழகிய புத்தி, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் கலர் கலராகத் தெரிகிறது.

பேராசிரியர்களைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். “கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள் சார். தரவரிசைக்கு அதுதான் மார்க். பட்டறைக்குப் போய் வந்தால் யார் மார்க் போடுவார்கள்?” நியாயம்தான். அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? எதை எண்ணுகிறோமோ அதுதான் விளையும். கட்டுரையை எண்ணினோம், கட்டுரை விளைந்தது. அந்தக் கட்டுரைகளில் ‘கடல்சார் பயன்பாடுகளுக்கு ஏற்றது’ என்று கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி இருக்கும். எழுதியவர் கடல் பக்கம் போயிருக்கத் தேவையில்லை!

“கார்பன் ஃபைபர் விலை தெரியுமா? மீனவருக்குக் கட்டுப்படி ஆகுமா?” என்று இன்னொரு தரப்பு. ஆகாதுதான். நாளைக்கே ஆக்ஸெட்டிக் படகு கட்டுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பித்தலாட்டம். நான் சொல்வது அதற்கு ரொம்பக் கீழே, ரொம்பச் சாதாரணம். இழையின் திசைதான் பலம் என்று ஆராய்ச்சி சொல்கிறது. திசையே இல்லாத மேட்டில், எடையில் முப்பது சதவிகிதம் கண்ணாடியும் மிச்சம் ரெசினுமாகப் படகு கட்டிக்கொண்டிருக்கிறோம். சில இடங்களில் காசை மிச்சம் பிடிக்க ரெசினில் சுண்ணாம்புப் பவுடர் வேறு. முதலில் இதைச் சரிசெய்ய ஒரு டாக்டர் பட்டமும் தேவையில்லை.

அந்தக் கரையில் மோதல் என்பது பரிசோதனைக்கூட வார்த்தை இல்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு, இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி நடுக்கடலில் மூழ்கியது. நாலு பேர் செத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு படகு, இன்னொரு உயிர். தானாக மோதிக்கொண்டது என்று அந்தப் பக்கம், இடித்தார்கள் என்று இந்தப் பக்கம். எந்த இழையும் அந்த ஐந்து பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. அது அரசியல் தீர்க்க வேண்டிய கணக்கு. ஆனால், கடலில் மனுஷனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் கனத் தகடு என்கிறபோது, அந்தத் தகட்டை அடுக்குகிறவனுக்கு அடுக்கும் கலையைச் சொல்லித்தராமல் இருப்பது மன்னிக்கக்கூடிய அலட்சியம் இல்லை.

அறிவு கரை தாண்டவே தாண்டாதா? தாண்டும். பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தாண்டவைத்தார். அவரது அப்பா மரப்படகு கட்டியதைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்தவர். தும்பாவில் ராக்கெட்டுக்காக இழை பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டியவர். அப்துல் கலாம்தான். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு டாக்டர் ஒருவர் அவருடைய லேபுக்கு வந்து, ஏவுகணைக்காகச் செய்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். என்ன இவ்வளவு லேசு என்று ஆச்சரியப்பட்டு, விஞ்ஞானியை வார்டுக்கே அழைத்துப் போனார். அங்கே சின்னக் குழந்தைகள் மூன்று கிலோ இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று கிலோ முன்னூறு கிராம் ஆனது. கலாமே பல மேடைகளில் சொன்ன கதை.

கேட்டுக் கண்ணீர் விட்டோம், கைதட்டினோம், போஸ்டர் அடித்தோம். அந்தக் கதையில் கவனிக்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டோம். டாக்டர் லேபுக்கு வந்தார். விஞ்ஞானி வார்டுக்குப் போனார். இரண்டு பயணம். அது நடக்காமல் இருந்திருந்தால் முன்னூறு கிராம் இல்லை, முன்னூறு கட்டுரைதான் வந்திருக்கும்.

*

திட்டிவிட்டு ஓடுவது எனக்குப் பழக்கமில்லை. மூன்று யோசனைகள்.

ஒன்று: ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் பொருட்களை இழுத்து உடைத்துப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் துணி விலக்கிக் காட்டுவார்கள். அதைப் படகுப் பட்டறைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு படகு கட்டும்போதும் கூடவே ஒரு சாண் துண்டு அடுக்கச் சொல்லி, அதை இலவசமாக உடைத்துப் பார்த்து, எத்தனை எடையில் உடைந்தது என்று எழுதிக் கொடுங்கள். மாணவனுக்குப் பாடமும் ஆச்சு, மீனவனுக்குத் தரமும் ஆச்சு.

இரண்டு: ஃபைபர் அடுக்குவதை ஒரு தொழிலாக மதித்து, கரையோர ஐ.டி.ஐ.க்களில் ஆறு மாதப் பயிற்சி வையுங்கள். ரெசினோடு எதை எந்த வரிசையில் கலப்பது, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் ஏன் வெடிக்கும், எந்த முகமூடி போடுவது என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட பாடம். கூடவே, ஆயுசு முடிந்த படகை என்ன செய்வது என்பதும். இந்தப் பிளாஸ்டிக் வாளி, குடம் மாதிரி உருக்கி வார்க்க முடியாத ரகம். இறுகியது இறுகியதுதான். கொடுக்கும்போது ரிப்பன் வெட்டிய யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள வருவதில்லை.

மூன்று: பீஸ் செய்யாத புராஜெக்ட்டுக்குப் பாதி மார்க். வைவா நடக்கும் அறையில் சித்தப்பாவுக்கும் ஒரு நாற்காலி. கேள்வி கேட்க, சும்மா வேடிக்கை பார்க்க இல்லை.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். சித்தப்பாவும் அவனுமாகச் சேர்ந்து கண்ணாடி இழையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது உடுக்கை அறைகள் செய்து, இரண்டு பக்கமும் கட்டை வைத்து இழுத்துப் பார்த்தார்களாம்.

“பருத்துச்சா?” என்றேன்.

“லேசா அகண்டது சார். அப்புறம் மூலையில விரிஞ்சிருச்சு. சித்தப்பா பார்த்துட்டு, மூலையில ரெசின் தேங்கியிருக்கு, அங்க நார் இல்ல, கூர் மூலை வைக்காத, வளைச்சு விடுன்னாரு.”

“உன் சாஃப்ட்வேர்ல மூலை விரிஞ்சுதா?”

“இல்ல சார்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதுல மூலையில ரெசின் தேங்காது சார்.”

அடுத்த பீஸுக்கு மூலையை வளைத்து மோல்டு செய்துகொண்டிருக்கிறார்களாம். உடைந்த முதல் துண்டை ஆசிரியரிடம் காட்டியிருக்கிறான். ரெக்கார்டு நோட்டில் ஒட்ட முடியாதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

ஒட்ட வேண்டாம் ஐயா. மேஜை மேல் வையுங்கள். உங்கள் கல்லூரியில் இந்த வருஷம் நடந்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.